படம் வருகிறது, ஒலி வரவில்லை: கேம்கார்டர் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிய நீண்டகால அனுபவம்

கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான 2004-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் தொட்டு, காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் தெருக்கூத்து, மயானக் கொள்ளை, எருது விடும் விழா ஆகியவற்றையும், இடையிடையே உறவினர் வீட்டுத் திருமணங்களையும் கேம்கார்டரில் பதிந்து வருகிறேன். முதலில் மினிடிவி என்னும் சிறிய டிஜிட்டல் வீடியோ டேப்பில் பதியும் கேமரா, பிறகு மெமரி கார்டில் பதியும் ஏவிசிஎச்டி கேமரா என்று இரண்டையும் பல ஆண்டுகள் கையாண்டிருக்கிறேன். இரண்டிலும் படத்தின் தரத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. கணினிக்கு மாற்றும்போது ஒலி காணாமல் போவதுதான் திரும்பத் திரும்ப வந்த தொல்லை. கூத்துப் பதிவில் ஒலி போனால் எதுவும் மிஞ்சாது. முகவீணையும் மிருதங்கமும் கேட்காமல் வேடதாரியின் அடவை மட்டும் பார்த்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, ஒலி வராத பதிவுகளில் பெரும்பாலானவற்றில் ஒலி அழிந்துவிடவில்லை என்பதுதான். அது டேப்பிலோ கோப்பிலோ அப்படியே இருக்கும். வழியில் ஏதோ ஓரிடத்தில் தடைபட்டு நிற்கும். ஆகவே அந்த இடம் எது என்று தெரியும்வரை மெமரி கார்டை அழிக்கவோ, டேப்பின் மேல் மறுபதிவு செய்யவோ கூடாது.

கார்டு கேமராவிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இன்று பலரிடம் இருப்பது அதுதான். சோனியும் பானாசோனிக்கும் 2006-இல் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறையில் படம் எச்.264 வடிவிலும், ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் என்னும் ஏசி3 வடிவிலும் பதியப்படுகின்றன. அதற்கு முன் வந்த, ஹார்ட்டிஸ்க்கில் எம்ஓடி கோப்புகளாகப் பதிந்த கேமராக்கள் பலவற்றிலும் ஒலி ஏசி3 தான். எச்.264 படத்தை ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் திறந்துவிடும். ஏசி3 ஒலியை விரித்துக் கேட்கவைக்கும் கோடெக் என்னும் மென்பொருள் எல்லாவற்றிலும் இருப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் அது தனியாக நிறுவ வேண்டியதாக இருந்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் அதிலும் உடன் வருவதில்லை. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளும் இதே காரணத்தால் ஏவிசிஎச்டி கேமரா எழுதும் எம்டிஎஸ் கோப்பை ஊமைப்படமாகக் காட்டுகின்றன.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. விஎல்சி பிளேயர் தன் கோடெக்குகளைத் தானே வைத்திருப்பதால், கோப்பை முதலில் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஒலி கேட்டால் பதிவில் குறையில்லை. அதிலும் கேட்காவிட்டால், மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஆடியோ என்ற பகுதி இருக்கிறதா, எந்த வடிவில் எத்தனை சேனல்களில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலி இருக்கிறது என்று தெரிந்த பிறகு எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மாற்று மென்பொருளையோ, அதையே அடிப்படையாகக் கொண்ட ஷட்டர் என்கோடரையோ வைத்து, படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் சுருக்கப்படாத பிசிஎம் வடிவுக்கு மாற்றிக்கொள்கிறேன். முழுக் கோப்பையும் எம்பி4-ஆக மாற்றித் தருவதாகச் சொல்லும் கருவிகள் படத்தையும் மறுபடி சுருக்கிவிடுகின்றன. நேரமும் போகும், தரமும் குறையும். படத்தில் எந்தக் குறையும் இல்லாதபோது அதற்குத் தேவையே இல்லை.

இதில் நுட்பமான ஒன்று உண்டு. சில கேமராக்கள் 5.1 எனப்படும் ஆறு சேனல்களில் பதிகின்றன. அந்த ஒலியில் எதிரே நின்று பேசுபவரின் குரல் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். எடிட்டிங் மென்பொருள் முன்னிரு சேனல்களை மட்டும் எடுத்துக்கொண்டால், கூட்டத்தின் இரைச்சல் நன்றாகக் கேட்கும், கட்டியங்காரன் பேச்சு கேட்காது. மைக் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த நிலையைத்தான். ஆறு சேனல்களையும் இரண்டாகக் கலந்து மாற்றினால் குரல் திரும்பிவிடும்.

கார்டிலிருந்து நகலெடுக்கும்போது எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்காமல், ஏவிசிஎச்டி கோப்புறை முழுவதையும் எடுத்து வைப்பது நல்லது. நீண்ட பதிவைக் கேமரா பல துண்டுகளாக வெட்டி வைக்கும். துண்டுகளைத் தனித்தனியாக எடிட்டிங்கில் அடுக்கினால் ஒட்டும் இடங்களில் ஒலி ஒரு கணம் அறுபடும். கேமராவுடன் வந்த மென்பொருள் கோப்புறையைப் படித்து அவற்றைச் சரியாக இணைத்துவிடும்.

மினிடிவி டேப்பின் கதை வேறு. பழைய டேப் கேமராக்கள் பலவற்றில் யூஎஸ்பி துளை இருந்தாலும், அது புகைப்படங்களுக்கும் வெப்கேம் தரத்திலான சிறிய படத்துக்குமே ஏற்பட்டது. டேப்பை ஒலியோடு முழுத் தரத்தில் மாற்ற ஃபயர்வயர் என்னும் கேபிள் இணைப்பு வழிதான் சரி. சோனி கேமராக்களில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும் நான்கு முனைத் துளை அதுவே. புதிய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் இல்லை. நான் ஓசூர் வழியாகப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய், பழைய மேசைக்கணினி ஒன்றையும் அதில் செருகும் ஃபயர்வயர் கார்டையும் வாங்கி, டேப்புக்கென்றே ஒதுக்கிவிட்டேன். ஒரு மணி நேர டேப் ஏறக்குறைய 13 ஜிபி இடம் பிடிக்கும். ஓடும் நேரம் முழுவதும் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் டேப்பில் உள்ள ஒலி டிஜிட்டல் வடிவிலேயே, எந்த இழப்பும் இல்லாமல் வந்து சேர்கிறது.

ஃபயர்வயரிலும் ஒலி வராமல் போவதற்கு மூன்று காரணங்களைக் கண்டிருக்கிறேன். முதலாவது, டேப்பிலிருந்து கணினியில் எழுதப்படும் ஏவிஐ கோப்பின் வகை. டைப் 1 கோப்பில் படமும் ஒலியும் ஒரே ஓடையாகப் பிணைந்திருக்கும். சில பழைய எடிட்டிங் மென்பொருள்கள் அதிலுள்ள ஒலியைக் காண்பதில்லை. வின்டிவி (WinDV) மென்பொருளில் டைப் 2 என்று தேர்ந்தெடுத்துக் கேப்சர் செய்தால், அதாவது டேப்பை ஓட்டிக் கணினியில் பதிந்தால், ஒலி தனி ஓடையாகவும் எழுதப்பட்டுவிடும். இரண்டாவது, ஒலியின் அமைப்பு. டேப்பின் டிவி (டிஜிட்டல் வீடியோ) முறையில் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனல்களாகவோ, 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் நான்கு சேனல்களாகவோ பதியலாம். பல கேமராக்கள் 12 பிட் அமைப்பிலேயே கடையிலிருந்து வந்தன. ஒரே டேப்பில் பாதி ஒன்றிலும் மீதி மற்றொன்றிலும் இருந்தால், அமைப்பு மாறும் இடத்தில் கேப்சர் மென்பொருள் தடுமாறி, அதன்பின் ஒலி அறவே நிற்கும் அல்லது வேகம் மாறிக் கேட்கும். அந்த இடத்தில் கேப்சரை நிறுத்தி, புதிய கோப்பாகத் தொடங்க வேண்டும். 12 பிட் டேப்பில் பிற்பாடு யாராவது வர்ணனை சேர்த்திருந்தால் அது இரண்டாம் ஜோடிச் சேனல்களில் இருக்கும். கேமராவின் ஆடியோ மிக்ஸ் அமைப்பு அந்த ஜோடியில் நின்றுவிட்டால், வர்ணனை சேர்க்காத டேப்புகள் ஏவி கேபிள் வழியாக மௌனமாகவே ஓடும்.

மூன்றாவது, கேமராவில் டேப்பைப் படிக்கும் தலை. டேப்பில் படத்தையும் ஒலியையும் ஒரே சுழலும் தலைகள்தாம் படிக்கின்றன. எங்கள் பக்கத்துக் கருங்கல் குவாரித் தூசி எதற்குள்ளும் புகுந்துவிடும். படத்தில் சிறு கட்டங்கள் தோன்றி, ஒலி விட்டுவிட்டு அடங்கினால், மென்பொருளைக் குறை சொல்லாமல் உலர் கிளீனிங் கேசட்டைப் பத்து விநாடி மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்; அதிக நேரம் ஓட்டினால் தலை தேயும்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏவி கேபிளையும் யூஎஸ்பி கேப்சர் கருவியையும் வைத்து மாற்றுபவர்களுக்கு, நான் சோதித்தவரை, தடை பெரும்பாலும் விண்டோஸின் அனுமதியில்தான் இருக்கிறது. அந்தக் கருவியின் ஒலியைக் கணினி ஒரு மைக்ரோஃபோனாகவே கருதுகிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனியுரிமை அமைப்பில் செயலிகளுக்கு மைக்ரோஃபோன் அனுமதி இல்லையென்றால் படம் மட்டும் வரும். கேப்சர் மென்பொருளிலும் ஒலி மூலமாக மடிக்கணினியின் சொந்த மைக் தேர்வாகியிருந்தால் அறைச் சத்தம்தான் பதியும். 3.5 மில்லிமீட்டர் முனையுடைய கேபிள்களில் இணைப்பு வரிசை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல. வேறு கருவிக்குரிய கேபிளைச் செருகினால் ஒலி மஞ்சளிலும் படம் சிவப்பிலும் வரக்கூடும். முனைகளை மாற்றிச் செருகிப் பார்ப்பதால் கெடுதல் இல்லை.

பதியும்போதே வெளி மைக் செருகி, அதன் சுவிட்ச் அணைந்திருந்த பதிவுகளுக்கு மட்டும் எந்த மென்பொருளாலும் உதவ முடியாது. மைக் செருகியவுடன் கேமராவின் உள் மைக் அணைந்துவிடுவதால் டேப்பில் ஒலியே எழுதப்பட்டிருக்காது. அப்படிப்பட்டவற்றில், அதே இரவில் யாராவது கைபேசியில் பதிந்திருந்தால் அந்த ஒலியை வாங்கி, மிருதங்கத்தின் முதல் அடியை வைத்துப் படத்தோடு பொருத்தலாம். கூத்துக் குழுவினரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒருவரிடமாவது கிடைக்கிறது.

எல்பி (லாங் பிளே) என்னும் மெதுவான வேகத்தில் பதிந்த டேப்புகள் வைத்திருப்பவர்கள், பதிந்த அதே கேமராவை விற்றுவிடாமல் வைத்திருக்க வேண்டும். வேறு கேமராவில் அவை படத்தைக் காட்டினாலும் ஒலியை விழுங்கிவிடுவதுண்டு. மாற்ற வேண்டிய டேப்புகளில் அவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.