முனைவாக்கித் தகடு: இரண்டு வேண்டாம், ஒன்று போதும்

உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுப்பவன் நான். யாழ்ப்பாண நகரக் கடை ஒன்றில் இரண்டு முனைவாக்கித் தகடுகள் வாங்கினேன்; ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள் இவை. உள்ளங்கை அளவு, இரண்டும் சேர்த்து 2,400 ரூபாய். அந்த விலைக்கு அச்சுத் திசையைக் காட்ட ஓரத்தில் ஒரு கோடாவது கீறியிருக்கலாம். இல்லை. ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்தால் முழு இருட்டு வரவேண்டும். இவற்றில் ஊதா நிறம் கசிகிறது. கீறல்கள் வேறு.

ஆனாலும் பனிக்கட்டி பார்க்க இவை தாராளம். மீன் பெட்டிக்குப் போடும் கட்டி ஐஸில் ஒரு சீவல் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டவைத்து, இளஞ்சூடான அலுமினியத் தட்டால் தேய்த்து அரை மில்லிமீற்றர் வரை மெலிதாக்கினேன். தகடுகளுக்கு நடுவே பிடித்ததும் நிறமற்ற ஐஸ் மஞ்சளும் சிவப்பும் நீலமுமான துண்டுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டும் தனிப் பளிங்கு. கண்ணாடியைச் சுழற்றினால் ஒன்று அணைய மற்றொன்று ஒளிரும். எப்படிச் சுழற்றினாலும் இருண்டே கிடக்கும் பளிங்கின் அச்சு நேரே நம் கண்ணை நோக்கியிருக்கிறது. நம்மூர் வெயிலில் இந்தக் காட்சிக்கு ஆயுள் சில நிமிடம்தான்.

கிரீன்லாந்தின் ஆழத்துளைப் பனியையும் இந்த முறையில்தான் ஆராய்கிறார்கள். பனிப் பளிங்கு வெற்றிலை அடுக்குப் போல; அடுக்கின் வழியே எளிதில் வழுக்கும், மற்றத் திசைகளில் குறைந்தது 60 மடங்கு முரண்டு பிடிக்கும். பளிங்கின் அச்சு இந்த அடுக்குகளுக்குச் செங்குத்தானது. 1992இல் கிரீன்லாந்துப் பனியில் 3,029 மீற்றரை எட்டிய ‘கிரிப்’ என்ற ஆய்வுத் துளையில், ஆழம் போகப்போகப் பளிங்குகளின் அச்சுகள் செங்குத்தை நோக்கித் திரும்பியிருந்தன. அத்தகைய பனி, அடுக்கின் மேல் அடுக்கு பக்கவாட்டில் வழுக்கும் சறுக்கலுக்கு நெகிழும். மேலிருந்து அமுக்கினால் இறுகி நிற்கும். பனிப்பாளத்தின் ஓட்டத்தைக் கணிக்கும் மாதிரிகளோ பெரும்பாலும் 1955இல் பிரித்தானியப் பௌதிகவியலாளர் கிளென் வெளியிட்ட விதியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன: தகைப்பு (ஓரலகுப் பரப்பில் தாக்கும் விசை) இருமடங்கானால் உருமாறும் வேகம் எட்டு மடங்கு, எத்திசைக்கும் ஒரே கணக்கு. பளிங்கு வரிசையின் விளைவை ஓர் எண்ணால் பெருக்கிச் சரிக்கட்டிவிடுவார்கள். சறுக்கலுக்கும் அமுக்கத்துக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? பளிங்குத் திசைகளையும் சேர்த்தால் கணினி திணறும் என்பது உண்மைதான். கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று சொல்ல வேண்டிய கணக்கில் இந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை.

வாங்க நினைப்பவர்கள் ஒரு தகடு மட்டும் வாங்குங்கள். மடிக்கணினியின் எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது. வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, ஐஸை அதன் முன்னே பிடித்து ஒரு தகட்டின் வழியே பார்த்தால் இரண்டாவது தகட்டின் காசு மிச்சம். விசைப்பலகையின் மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொள்ளுங்கள்.