ஹெரெடிட்டரி: பொம்மை வீட்டுக்குள் ஒரு துக்க வீடு

2018-ல் வந்த 'ஹெரெடிட்டரி'யில் பேயைத் தேடி உட்கார்ந்தால் முதல் முக்கால் மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். அந்தக் குடும்பத்தைக் கவனித்தாலோ, ஆரம்பத்திலேயே வயிற்றைப் பிசையும். ஆரி ஆஸ்டரின் முதல் முழுநீளப் படம் இது. ஓடும் நேரம் 127 நிமிடம்.

தாயைப் பறிகொடுத்த ஆனி (டோனி கோலெட்) துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் ஒன்றுக்குப் போகிறாள். பேச மாட்டேன் என்று தயங்கியவள், அப்பா பட்டினி கிடந்து செத்தது, அண்ணன் 16 வயதில் தூக்குப் போட்டுக்கொண்டது என்று மளமளவென்று கொட்டிவிடுகிறாள். பின்னால் வருவதற்கெல்லாம் முடிச்சு இங்கேதான் விழுகிறது. இந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

ஆனியின் தொழில் மினியேச்சர் வீடுகள் செய்வது. முதல் ஷாட்டில் கேமரா பொம்மை வீட்டின் ஓர் அறையை நெருங்குகிறது. அது அப்படியே மகன் பீட்டரின் நிஜ அறையாகிவிடுகிறது. வீட்டின் உட்புறத்தை, சுவர்களைக் கழற்றி எடுக்கும்படி செட்டாகப் போட்டார்கள். அதனால் சுவர் இருக்கவேண்டிய இடத்துக்கும் பின்னால் போய் நிற்கிறது கேமரா. அறைகள் திறந்த பெட்டிகளாகவும் மனிதர்கள் யாரோ எடுத்து வைத்த பொம்மைகளாகவும் தெரிவது அதனால்தான்.

அரை மணி நேரம் தாண்டியதும் ஒரு விபத்து. யாருக்கு என்று சொல்லப்போவதில்லை. காரை ஓட்டிய பீட்டர் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் மட்டும் ரியர்வியூ கண்ணாடியை நோக்கிப் போய், பாதியில் இறங்கிவிடுகிறது. மெதுவாக வீட்டுக்கு ஓட்டிவந்து, யாரிடமும் சொல்லாமல் படுத்துவிடுகிறான். விடிகிறது. கண் திறந்தபடியே கிடக்கிறான். அம்மா காருக்குப் போகும் சத்தம், பிறகு அவள் அலறல்; அலறல் எழும்வரை கேமரா அவன் முகத்தை விட்டு நகர்வதே இல்லை. அலெக்ஸ் வுல்ஃபின் நடிப்புக்கு இந்தச் சில நிமிடங்களே போதும்.

இதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதில்லை. பேச்சு கடைசியில் சாப்பாட்டு மேசையில் வெடிக்கும்போது, அமானுஷ்யம் துளியும் இல்லாமலே படத்தின் மிகக் கொடூரமான காட்சி கிடைக்கிறது.

கடைசி இருபது நிமிடம்தான் சறுக்கல். அதுவரை நோயா, சாபமா என்று தவிக்கவிட்ட படம், முடிவில் ஒரு குரலை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. பயம் அங்கே பாதி கரைந்துபோகிறது.

ஃபோனில் பார்க்காதீர்கள். இருண்ட மூலைகளில் ஆட்கள் அசையாமல் நிற்கிறார்கள். சின்னத் திரையில் கண்ணுக்குச் சிக்க மாட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டால், காலின் ஸ்டெட்சன் இசையின் அடிநாதம் நெஞ்சுத்துடிப்பு மாதிரி கூடவே வரும். வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால் இப்போதைக்கு இந்தப் படம் வேண்டாம். அந்த அலறல்களைத் தாங்குவது கஷ்டம்.

இரண்டாம் முறை பார்க்கிறவர்கள், சவப்பெட்டியில் கிடக்கும் பாட்டியின் கழுத்துச் சங்கிலியில் உள்ள சின்னத்தை மனதில் வைத்துக்கொண்டு, விபத்து நடக்கும் சாலையோரக் கம்பத்தைப் பாருங்கள்.