ஹோஸை வளைய வைக்கும் எண்ணெய்: டி.ஓ.பி.க்கு மாற்று எது?

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் விறைத்த பைப்பும், செடிகளுக்குத் தண்ணீர் விடும் ஹோஸும் ஒரே பி.வி.சி.தான். ஹோஸ் வளைவது அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற திரவத்தால். அதைத்தான் பிளாஸ்டிசைசர் என்கிறார்கள். ஹோஸின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதுவாக இருக்கலாம். புரோட்டா மாவில் ஊறிய எண்ணெய் மாதிரி பி.வி.சி. சங்கிலிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கும், வேதிப்பிணைப்பு கிடையாது. பேப்பரில் கட்டிய புரோட்டாவின் எண்ணெய் பேப்பருக்குப் போவதுபோல இதுவும் மெல்ல வெளியேறும். பழைய ஹோஸ் விறைத்து வெடிக்க வெயிலோடு இதுவும் ஒரு காரணம். வெளியேறியது எங்கே போய்ச் சேருகிறது என்பதை வைத்துத்தான் இந்த எண்ணெய்களை எடைபோட வேண்டும்.

இந்த எண்ணெய்களில் நீண்டகாலமாகக் கோலோச்சியது டி.ஓ.பி. ஆய்வக அறிக்கைகளில் அதற்கு டி.ஈ.எச்.பி. என்று பெயர்; இரண்டும் ஒன்றே. விலை குறைவு, பி.வி.சி.யோடு அருமையாகக் கலக்கும். ஆனால் கருவிலுள்ள ஆண் எலிகளின் டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் சட்டம் போட்டு, பொம்மைகளில் இது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. சூழலில் இதன் போக்கு கொஞ்சம் ஏமாற்றும். தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, வண்டலில் ஒட்டிக்கொள்ளும். காற்று கிடைக்கும் இடத்தில் பாக்டீரியாக்கள் சில வாரங்களில் தின்றுவிடும். காற்றில்லாத சேற்றில் நெடுங்காலம் கிடக்கும். ஏரித் தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

டி.ஓ.டி.பி. இதன் உடன்பிறப்பு. கார்பன் 24, ஹைட்ரஜன் 38, ஆக்சிஜன் 4. அணுக் கணக்கில் ஒன்றுகூட மாறாது. இரண்டின் மூலக்கூறிலும் ஒரு கார்பன் வளையம், அதிலிருந்து நீளும் இரண்டு கைகள். டி.ஓ.பி.யில் அந்தக் கைகள் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இதில் எதிரெதிரே. அவ்வளவுதான் வித்தியாசம், விளைவோ வேறு. டி.ஓ.பி. உடலுக்குள் ஒரு கை மட்டும் அறுந்து பாதி உடைந்த நிலையில் நிற்கும்; தொல்லை கொடுப்பது அந்தப் பாதிதான். டி.ஓ.டி.பி.யில் பெரும்பாலும் இரண்டு கைகளும் அறுந்து, டெரெப்தாலிக் அமிலம் மிஞ்சும். அது தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். வீசியெறிந்த பாட்டில்களிலிருந்தே டி.ஓ.டி.பி. தயாரிக்கவும் முடியும். குறை என்றால், அதே மென்மைக்குச் சற்றுக் கூடுதலாக ஊற்ற வேண்டும், கலக்கச் சூடும் கொஞ்சம் அதிகம் வேண்டும். ஹோஸ், ரெக்சின், தரைவிரிப்பு போன்ற அன்றாடச் சாமான்களுக்கு என் ஓட்டு இதற்கே.

‘சோயாவிலிருந்து’ என்று விளம்பரத்தில் வருவது எப்பாக்சி ஏற்றிய சோயா எண்ணெய். சூட்டில் பி.வி.சி. சிதையாமல் காக்கும் நல்ல துணையாள், ஆனால் தனியாளாக நிறுத்தினால் வேர்த்து வழிந்து பிசுபிசுக்கும். கண்ணாடி ஜாடி மூடியின் உள்வளையத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் மூடியில் பட்டால் இது ஊறுகாய்க்குள் இறங்கும். ஒரு கிலோ உணவில் 60 மில்லிகிராம் என்று ஐரோப்பா வரம்பு வைத்திருக்கிறது. சிட்ரிக் அமிலத்திலிருந்து செய்யும் சிட்ரேட் வகை இன்னும் சாது, மண்ணில் சுலபமாக மக்கும். விலைதான் கடிக்கும்.

எனக்குக் கோபம் வருவது குளோரினேற்றிய பாரஃபின் மீது, அதாவது குளோரின் ஏற்றிய பெட்ரோலிய மெழுகு வகை மீது. மலிவு என்பதால் டி.ஓ.பி.யில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு இதை ஊற்றுவது வழக்கம். இது டி.ஓ.பி.யின் குடும்பமான பித்தாலேட் இல்லை. எனவே ‘பித்தாலேட் இல்லாதது’ என்ற முத்திரைக்கு இதனால் பங்கம் வராது. ஆனால் இதன் குறுஞ்சங்கிலி வகை எளிதில் சிதையாது, மீனுக்குள்ளும் அதைத் தின்பவர்களுக்குள்ளும் சேர்ந்துகொண்டே போகும். 2017-இல் அதையும், 2025-இல் நடுச்சங்கிலி வகையையும் எளிதில் சிதையாத நச்சுகளுக்கு எதிரான உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. டி.ஓ.பி.யைத் துரத்திவிட்டு இதை உள்ளே விடுவதற்கு, டி.ஓ.பி.யே இருந்துவிட்டுப் போகலாம்.

ஒரே ஒரு இடத்தில் டி.ஓ.பி.க்காக வாதாட வேண்டியிருக்கிறது: ரத்தப் பை. பையிலிருந்து கசிவது சிவப்பணுக்களின் சவ்வில் புகுந்து அவை உடையாமல் தாங்குகிறது. சிவப்பணுக்களை 42 நாள் வரை வைத்திருக்க முடிவதில் அதற்கும் பங்குண்டு. சலைன் பைகளில் 2030 முதல் இது கூடாது என்று 2024-இல் சட்டம் போட்ட கலிஃபோர்னியா, ரத்தப் பைக்கு விலக்கு கொடுத்தது இதனால்தான். சலைனுக்கு இந்தச் சலுகை தேவையில்லை. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் பாட்டில்களுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். ஆனால் அந்த பாட்டிலிலிருந்து கைக்கு இறங்கும் டியூப் அநேகமாக பி.வி.சி.தான். குறைமாதக் குழந்தைக்கு ஒரே நேரத்தில் பல டியூப்கள் செருகியிருப்பார்கள். மாற்றுவதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மறுசுழற்சியில் இன்னொரு சிக்கல். இன்று ஆலையில் டி.ஓ.டி.பி. மட்டுமே ஊற்றினாலும், பழைய வயர் உறைகளை அரைத்துச் சேர்த்தால் அதிலிருந்த டி.ஓ.பி. புதுச் சாமானுக்குள் வந்துவிடும். மலிவான கறுப்பு ஹோஸ் எதை அரைத்துச் செய்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. செடிக்கு விடட்டும், குடிக்கிற தண்ணீரை அதில் பிடிக்காதீர்கள்.