வாடகைக் கட்டடத்தில் ஒரு பள்ளி: மினசோட்டா சார்ட்டரில் எங்கள் மூன்று ஆண்டுகள்

மகளை ஏழாம் வகுப்பில் சார்ட்டர் பள்ளிக்கு மாற்றினோம்; அரசுப் பணத்தில், ஆனால் தனி ஆட்சிக்குழு ஒன்று நடத்தும் பள்ளி அது. இப்போது ஒன்பதாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் கண்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுத வேண்டியிருக்கிறது; என் பிள்ளையை மீட்டுக் கொடுத்த ஆசிரியர்களை ஊரறியக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் அம்மா பாளையங்கோட்டையில் எய்டட் பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். முதல் ஆண்டு இங்கே வந்திருந்தபோது, "இது கவர்மெண்டா, பிரைவேட்டா?" என்று கேட்டார்.

"கவர்மெண்டுதான் அம்மா. ஆனால் நடத்துவது கவர்மெண்ட் இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் எய்டட் என்று சொல்லேன்" என்றார்.

முக்கால்வாசி சரி. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. எத்தனை பிள்ளைகளோ அதற்கேற்ப மாநில அரசு பணம் தருகிறது. ஆசிரியர்களுக்கு மாநில உரிமம் வேண்டும். பிள்ளைகள் மற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் போலவே மாநிலத் தேர்வு எழுதுகிறார்கள். மதம் சார்ந்து நடத்தக் கூடாது. மத நிறுவனம் நடத்திய அம்மாவின் பள்ளியோடு ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு. 2023இல் வந்த சட்டத்தால் காலை உணவும் மதிய உணவும் வருமானம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கின்றன. பள்ளி மதிய உணவு வரிசையைப் பார்த்து வளர்ந்த என் அம்மாவுக்கு அந்தத் தட்டைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாநிலம் மினசோட்டாதான். 1988இல் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர், ஆசிரியர்களே புதுமுறைப் பள்ளிகளை உருவாக்கி நடத்த இடம் தர வேண்டும் என்று பேசினார். மாநில செனட்டர் எம்பர் ரைக்கொட் அந்த யோசனையைச் சட்டமாக்கப் போராடி, 1991இல் நிறைவேற்றினார். முதலில் 8 பள்ளிகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 1992இல் செயின்ட் பாலில் திறந்த சிட்டி அகாடமிதான் நாட்டின் முதல் சார்ட்டர் பள்ளி. படிப்பை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்காக அதைத் தொடங்கினார்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சார்ட்டர் என்றாலே கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான இடம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது உருவானதே வேறு பிள்ளைகளுக்காக.

என் மகளும் அந்த வேறு பிள்ளைகளில் ஒருத்தி. ஆறாம் வகுப்பில் அவள் போன பள்ளி பெரியது, வசதியானது, மதிப்பெண்ணில் பெயர் பெற்றது. அங்கே இவள் வாயே திறக்கவில்லை. ஜனவரிக்குள் தினமும் காலையில் வயிற்றுவலி. மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஏழு முதல் பன்னிரண்டு வரை சேர்த்தே 150 பிள்ளைகள் படிக்கும் ஒரு சார்ட்டரைப் பற்றித் தோழி ஒருத்தி சொன்னாள். இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்தான், சிபாரிசு செல்லாது. காத்திருப்போர் பட்டியலில் நான்காவதாக இருந்தோம். ஆகஸ்டில் அழைத்தார்கள்.

பாடவேளை மணி அங்கே இல்லை. காலையில் கணக்கும் மொழியும். மதியத்துக்கு மேல் அவரவர் செயல்திட்டம். இரண்டாம் ஆண்டில் மகள் எடுத்துக்கொண்டது உப்பு. இங்கே பனிக்காலத்தில் சாலையிலும் நடைபாதையிலும் உப்பைக் கொட்டிப் பனிக்கட்டியைக் கரைப்பார்கள். அந்த உப்பு உருகிய நீரோடு ஓடை, ஏரி என்று போய்ச் சேர்ந்துவிடும். பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஒரு தேக்கரண்டி உப்பு 5 காலன் நீரைக் கெடுத்துவிடும் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்கிறது. 5 காலன் என்றால் ஏறத்தாழ 19 லிட்டர்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவளோடு நானும் போனேன். பள்ளியின் வாகன நிறுத்தத்திலிருந்து நீர் வடிகிற குழாயின் வாயில் மண்டியிட்டு, ஜாம் புட்டியில் நீர் பிடித்தாள். அதில் விரல் அகலத்துக்கு, உப்பை அளக்கும் ஒரு பழுப்புச் சோதனைச் சீட்டை நிறுத்தினாள். நீர் சீட்டில் ஊறி ஏற, நடுவே ஒரு வெள்ளைக் கூம்பு மெல்ல எழுந்தது. உப்பு எவ்வளவு அதிகமோ கூம்பு அவ்வளவு உயரம். கையுறையைக் கழற்றிவிட்டு, சிவந்துபோன விரலால் கோடுகளை எண்ணி, டப்பாவில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஒப்பிட்டுப் பார்த்தாள். லிட்டருக்கு 640 மில்லிகிராம் குளோரைடு, அதாவது உப்பின் ஒரு கூறு. நீர்வாழ் உயிர்கள் நீண்ட நாள் தாங்க, மாநிலம் வைத்திருக்கும் வரம்பு 230. "அம்மா, இது நம் பள்ளி உப்பு" என்றாள். ஆறாம் வகுப்பில் தினமும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த பிள்ளை அவள்.

கட்டடம் வாடகைக் கட்டடம். உப்புப் போடுவது உரிமையாளரின் ஆட்கள். அவருக்கு அவளே கடிதம் எழுதினாள். நான்கு முறை திருத்தி எழுத வைத்தார் ஆசிரியர். 12 அவுன்ஸ் கோப்பை ஒன்று உப்பு, நடைபாதையில் 10 கட்டங்களுக்குப் போதும் என்ற கணக்கையும் சேர்த்திருந்தாள். அடுத்த பனிக்காலத்தில் உப்பு வாளியின் மேல் ஒரு பழைய காபிக் கோப்பை தொங்கியது. இந்தப் பள்ளிக்கு நான் எத்தனை மதிப்பெண் தருவேன் என்று கேட்டால், அந்தக் கோப்பையைத்தான் காட்டுவேன்.

இனிக் குறைகள். முதலில் கணக்கு. செயல்திட்டத்தில் மூழ்கிய பிள்ளை இயற்கணிதத்தில் பின்தங்கிவிட்டது. கணக்கு ஆசிரியர் நடுவருடத்தில் விலகினார். மூன்று மாதம் வேறு வேறு ஆட்கள் வந்து போனார்கள். சிறிய பள்ளியில் ஓர் ஆசிரியர் போனால் ஒரு பாடமே போய்விடுகிறது. இரவு உணவுக்குப் பிறகு என் கணவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துத்தான் அவளைக் கரையேற்றினோம். அப்படி உட்கார நேரமில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

அதைவிடப் பெரிய குறைக்குப் பள்ளியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள், சொத்துவரி விதித்துக் கட்டடம் கட்டலாம். சார்ட்டருக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. அரசுப் பணத்தில் நிலமோ கட்டடமோ வாங்கவும் சட்டம் விடாது. அதற்குப் பதில் மாநிலம் வாடகை உதவி தருகிறது: வாடகையில் 90 சதவீதம், அல்லது மாணவர் அலகு ஒன்றுக்கு 1,314 டாலர், இரண்டில் எது குறைவோ அது. ஆட்சிக்குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து நான் கணக்குப் பார்த்த ஆண்டில் இருந்த விதி இது. ஏழாம் வகுப்பு முதல் ஒரு பிள்ளை 1.2 அலகு. ஆக 150 பிள்ளைகளுக்கு 180 அலகு, 2,36,520 டாலர். வாடகை 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 63,480 டாலரை வகுப்பறைக்கான பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அது ஓர் ஆசிரியரின் சம்பளம். விலகிப் போன கணக்கு ஆசிரியரின் இடம் ஏன் மூன்று மாதம் காலியாக இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

புதுமையான பள்ளிகளை வளர்ப்பதாகப் பெருமை கொள்ளும் மாநிலம் இதைச் சரிசெய்ய வேண்டும். அனுமதி கொடுத்தாயிற்று, தலைக்கு இவ்வளவு என்று பணமும் கொடுத்தாயிற்று. தலைக்கு மேலே கூரை வேண்டாமா? எங்கள் பள்ளியில் உடற்பயிற்சிக் கூடம் இல்லை. மைனஸ் 20 டிகிரியில் பிள்ளைகள் தாழ்வாரத்தில்தான் ஓடியாடுகிறார்கள்.

போக்குவரத்தையும் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். சார்ட்டர் பள்ளி தானே பஸ் விடலாம். விடாவிட்டால் பள்ளி அமைந்திருக்கும் மாவட்டத்தின் பஸ் வரும். ஆனால் அந்த மாவட்டத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள், எல்லை வரை பிள்ளையைத் தாங்களே கொண்டுவந்து விட வேண்டும். எங்கள் வீடு எல்லைக்கு வெளியே. பள்ளி வைத்திருந்த வேன் சேவை ஓட்டுநர் இல்லாமல் நவம்பரில் நின்றுபோனது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அதிகாலையில் ஒரு மளிகைக்கடை வாசலில் காரை நிறுத்தி, பஸ் விளக்கு தெரிகிறதா என்று நானும் மகளும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருந்தோம்.

புதுமை வேண்டுமென்றால் சார்ட்டர்தான் வழி என்பதும் இல்லை. ஆப்பிள் வேலி (Apple Valley) நகரில் மினசோட்டா மிருகக்காட்சிசாலையை ஒட்டி, சுற்றுச்சூழல் கல்விக்கான உயர்நிலைப் பள்ளி ஒன்று 1995 முதல் நடக்கிறது. 11, 12ஆம் வகுப்புகளுக்கு மட்டும். அது பள்ளி மாவட்டத்தின் சொந்தப் பள்ளி. பார்வையாளர் நாளில் போயிருந்தோம். பக்கத்துக் குளமே அவர்களுக்கு ஆய்வகம். மகள் அங்கிருந்து கிளம்பவே மனமில்லாமல் நின்றாள். பதினொன்றாம் வகுப்புக்கு அங்கே விண்ணப்பிப்பதா, இருக்கும் இடத்திலேயே முடிப்பதா என்று இப்போது வீட்டில் பேச்சு ஓடுகிறது.

சேர்க்கும் முன் ஒன்று செய்யுங்கள்: ஆட்சிக்குழுக் கூட்டம் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். குழுவில் உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர், ஊரார் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சட்டம். வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பிள்ளைகள் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா, பள்ளியைக் கண்காணிக்க அங்கீகாரம் பெற்ற அமைப்பு எது, உரிமத்தை அது எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். எண்ணிக்கை சரிந்தால் பணம் சரியும். பணம் சரிந்தால் பள்ளியே மூடப்படலாம். திறந்த நாளில் சுவரில் மாட்டியிருக்கும் வண்ணப் படங்கள் இதையெல்லாம் சொல்லாது.

அக்காவோ அண்ணனோ படித்தால் உடன்பிறந்தவருக்குச் சேர்க்கையில் முன்னுரிமை உண்டு. இளையவனுக்கு இந்த ஆண்டு இடம் வந்தது. அவன் தன் பெரிய பள்ளியில் சந்தோஷமாக இருக்கிறான், அங்கே பேண்டில் டிராம்போன் வாசிக்கிறான். இங்கே பேண்டு இல்லை, வைக்க அறையும் இல்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்த இடம் பட்டியலில் அடுத்து நின்ற பிள்ளைக்குப் போயிருக்கும். மகளை நான் மாற்றவில்லை. மே மாதத்தில் நடக்கும் ஆட்சிக்குழுத் தேர்தலில் பெற்றோர் இடத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் அடுத்த ஜூனில் முடிகிறது.