ஒட்டக வரிசையோடு சிம்சன் பாலைவன நடை: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

ஆஸ்திரேலியாவின் நடுவே கிடக்கும் சிம்சன் பாலைவனத்தில், வழிகாட்டிகளும் சுமை ஒட்டகங்களும் சேர்ந்த பல நாள் நடைப்பயணங்களைச் சில சிறிய குழுக்கள் நடத்துகின்றன. குளிர்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் பயணம். கோடை வெயில் காரணமாக டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனப் பூங்காக்களையே மூடிவிடுகிறார்கள். கட்டணம் ஒரு நாளைக்குச் சில நூறு ஆஸ்திரேலிய டாலர். பத்து நாள் என்றால் கையைக் கடிக்கும் தொகை.

முதலில் ஒரு விஷயம். இதில் ஒட்டகத்தின் மேல் ஏற மாட்டீர்கள். ஒட்டகம் சுமக்கும், நீங்கள் பக்கத்தில் நடப்பீர்கள். ஊலுருவிலும் புரூம் கடற்கரையிலும் கிடைக்கிற சவாரியை மனதில் வைத்துப் பணம் கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வண்டித் தடமே இல்லாத மணல்மேடுகளுக்குள் பல நாள் நடந்து போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு மனிதன் அவ்வளவு தூரம் போக முடியாது. வண்டியில் போனால் வண்டி போகிற தடம்தான் பயணம்.

குழு நல்லதா, சுமாரா என்பதை விளம்பரப் படங்களை வைத்துச் சொல்ல முடியாது. எடைக் கணக்கை வைத்துச் சொல்லலாம். விருந்தினர் பத்துப் பேர், பணியாளர் நான்கு பேர், பத்து நாள் என்று வைத்துக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர் என்றால் மொத்தம் 980 லிட்டர். 20 லிட்டர் கேனில் 49 கேன். கேனோடு சேர்த்து ஒன்று சுமார் 21 கிலோ, ஆகத் தண்ணீர் மட்டுமே ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஆளுக்கு 25 கிலோ படுக்கையும் பையும் என்றால் 350 கிலோ. உணவுப் பொருளும் சமையல் சாமானும் 240 கிலோ. மருந்துப் பெட்டி, தொடர்புக் கருவி, மண்வெட்டி, பழுது பார்க்கும் சாமான் எல்லாம் ஒரு 80 கிலோ. கூட்டினால் 1,700 கிலோ வந்துவிடும்.

நன்றாக வளர்ந்த ஒட்டகம் 250 கிலோ கூடத் தூக்கும். ஆனால் சேணமே 40 கிலோவுக்கு மேல் இருக்கும். மணல்மேடு ஏறி இறங்கும் வழியில், நாள் கணக்கில், 150 கிலோச் சுமை என்பதுதான் நியாயம். அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு ஒட்டகம் வேண்டும். ஒன்றுக்குக் கால் நொண்டினால் மாற்றிப் போட மேலும் ஒன்றிரண்டு. இதே ஆள் கணக்குக்கு எட்டு ஒட்டகம் என்று ஒரு குழு சொன்னால் உடனே கேளுங்கள்: வழியில் வண்டி கொண்டு தண்ணீர் இறக்கி வைத்திருக்கிறீர்களா? ஆம் என்றால் சரி. இல்லை என்றால், ஒன்று உங்கள் தண்ணீரில் கை வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒட்டகத்தின் முதுகில். 1939இல் நிலவியலாளர் செசில் மேடிகன் மேற்கே ஆண்டாடோ மாட்டுப் பண்ணையிலிருந்து கிழக்கே பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூர் வரை இந்தப் பாலைவனத்தைக் கடந்தபோது ஒன்பது பேருக்குப் பத்தொன்பது ஒட்டகங்கள் இருந்தன. அந்த விகிதத்தைப் பார்த்தாலே தாராளம் எது என்று புரியும்.

அடுத்தது சேணம். சுமைச் சேணத்தில் திமிலின் இருபுறமும் வைக்கோல் திணித்த திண்டுகள் இருக்கும், அவற்றின் மேல் சட்டம். திமிலின் மேல் எடை துளியும் விழக் கூடாது, முதுகெலும்பின் மேலும் விழக் கூடாது. பாரம் முழுக்க விலா மேல் பரவ வேண்டும். 1860களிலிருந்து ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், பஞ்சாப் பகுதிகளிலிருந்து வந்து உழைத்த ஒட்டகக்காரர்கள் கொண்டுவந்த அமைப்பு இது. ஒட்டகத்தை உட்காரச் சொல்ல இன்றும் அங்கே ‘ஹூஷ்டா’ என்றுதான் சொல்கிறார்கள்.

நாள் போகப் போக ஒட்டகம் இளைக்கும், வைக்கோல் அமுங்கும். நேற்றுப் பொருந்திய சேணம் இன்று உராயும். அதனால் கோணி ஊசியும் கையிருப்பு வைக்கோலும் இல்லாத குழு எந்தக் காரணம் சொன்னாலும் நல்ல குழு இல்லை. புறப்படும் முகாமில் ஒட்டகங்களைச் சேணம் இல்லாமல் பார்க்கக் கேளுங்கள். திமிலின் அடியிலும் தோளுக்குப் பின்னாலும் வெள்ளை முடித் திட்டுகள் தெரிந்தால் அங்கே பழைய புண் ஆறியிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு விலங்குகளில் இருந்தால் பரவாயில்லை. பழைய சொந்தக்காரர் காலத்தில் வந்திருக்கலாம். வரிசை முழுக்க இருந்தால் அது இந்தக் குழுவின் பழக்கம்.

காலையில் சுமை ஏற்ற ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். இந்த இரண்டு மணி நேரத்தைப் பார்த்தாலே குழுவின் தரம் முழுக்கத் தெரிந்துவிடும். ஒட்டகங்களை உட்காரவைத்து, முதுகையும் சேணத்துணியையும் கையால் தடவி, ஒட்டியிருக்கும் புல்விதை, முள் எல்லாவற்றையும் எடுக்கிறார்களா? இருவர் சேர்ந்து சேணத்தைத் தூக்கி வைத்து வயிற்று வார்களை இறுக்குகிறார்களா? பிறகு இருபுறச் சுமையும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் மாட்டினால் சேணம் அப்போதே சாய்ந்துவிடும். இரு பக்க எடையும் ஒன்றிரண்டு கிலோவுக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பதால் நல்ல குழுக்கள் தொங்கு தராசு வைத்து நிறுத்துதான் கட்டுகின்றன. குடிக்கத் தண்ணீர் எடுப்பதிலும் அதே கணக்கு: வலப்பக்கம் ஒரு கேன் தீர்ந்தால் அடுத்தது இடப்பக்கத்திலிருந்து. கிளம்பி அரை மணி நேரம் கழித்து ஒருமுறை நின்று வார்களை மறுபடி இறுக்குவார்கள். திண்டுகள் அதற்குள் படிந்து தளர்ந்திருக்கும். இந்த நிறுத்தத்தைத் தவிர்க்கிற குழுவில் மத்தியானத்துக்குள் ஏதாவது ஒரு சுமை வயிற்றுக்கு அடியில் தொங்கும்.

அந்தக் காத்திருப்பு விருந்தினருக்குச் சோதனை. விடிகாலைக் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இடம் இது. படுக்கையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுத் தீப்பக்கம் நிற்க வேண்டியதுதான். சில குழுக்கள் விருந்தினரையும் சுமை ஏற்றக் கூப்பிடும், சில கிட்டவே விடாது. கற்றுக்கொடுத்து வேலை வாங்குகிறவர்களைத்தான் எங்கள் முதல் தேர்வாகச் சொல்வோம். உடம்பும் சூடேறும், ஒட்டகமும் மூன்றாம் நாளுக்குள் உங்களைப் பழகிக்கொள்ளும்.

நடை ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். கேட்க எளிது. சிம்சனின் மணல்மேடுகள் வடமேற்கு-தென்கிழக்காக நீளும் இணைகோடுகள். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். மேற்கே சில மீட்டர் உயரம், கிழக்கே போகப் போக 30 மீட்டருக்கு மேல். பேர்ட்ஸ்வில் பக்கத்து நாப்பனெரிக்கா மேடு ஏறக்குறைய 40 மீட்டர். மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வாகவும் கிழக்குச் சரிவு செங்குத்தாகவும் இருப்பதால் மேற்கிலிருந்து கிழக்கே போகும் பயணத்தில் ஏற்றம் இலகு, இறக்கம் கடினம். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தத் திசையை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூச்சு வாங்குகிறவர்களுக்கு எதிர்த்திசை கஷ்டம்.

ஒட்டகத்துக்கும் இதே சிக்கல்தான். ஏறும்போது சுமை பின்னால் சரியும், மார்பு வார் பிடிக்க வேண்டும். இறங்கும்போது முன்னால் சரியும், வாலடி வார் பிடிக்க வேண்டும். இதில் ஒன்று தளர்ந்திருந்தாலும் சேணம் கழுத்துக்கோ இடுப்புக்கோ ஓடிவிடும். ஒட்டகங்கள் ஒன்றின் பின் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும்: பின்னதன் மூக்கில் குத்தியிருக்கும் குச்சியிலிருந்து போகும் கயிறு முன்னதன் சேணத்திலோ வாலிலோ முடியும். அந்தக் கயிற்றில் ஓரிடத்தில் வேண்டுமென்றே மெல்லிய நூல் கட்டியிருக்க வேண்டும். இழுபட்டால் நூல் அறும், மூக்கு கிழியாது. மேட்டு உச்சியில்தான் இது அடிக்கடி அறும். முன்னால் போகும் விலங்கு சரிவில் வேகமெடுக்கும்போது பின்னது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். தேர்ந்த தலைவர் உச்சி தாண்டியதும் நடையைக் குறைத்து, சாய்வாக வழி எடுப்பார். கூரான உச்சியாக இருந்தால் மண்வெட்டியால் வெட்டித் தணித்த பிறகே ஒட்டகத்தை விடுவார். நூல் அறாதபடி நல்ல தடிமனான கயிறாகவே கட்டியிருக்கும் குழுவைக் கண்டால் விலகிக்கொள்ளுங்கள்.

முகாம் போடும் இடத்தை அழகு தீர்மானிப்பதில்லை, மேய்ச்சல் தீர்மானிக்கிறது. பிற்பகலில் சுமை இறக்கியதும் முன்கால்களுக்குத் தளை போட்டு, கழுத்தில் மணி கட்டி, மேய விடுவார்கள். இருட்டுவதற்குள் பிடித்துவந்து கட்டுவார்கள், இரவெல்லாம் அசைபோட. பராக்கீல்யா போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் நிறைந்த குளிர்காலத்தில் ஒட்டகத்துக்குத் தனியாகத் தண்ணீரே தேவைப்படாது. வறண்ட ஆண்டில் கதை வேறு. பதிவு செய்யும்போது அந்த ஆண்டு மழை எப்படி, ஒட்டகத்துக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டால் நல்ல தலைவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். மேய்ச்சலில் ஆபத்தும் உண்டு. கைரோஸ்டீமன் என்ற புதருக்கு உள்ளூரில் ஒட்டகக் கொல்லி என்றே பெயர். மேயும் நேரத்தில் ஒருவர் கூடவே இருக்க வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஆபத்து காட்டு ஒட்டகங்கள். குளிர்மாதங்களில்தான் அவற்றின் ஆண்களுக்கு மதம் பிடிக்கும். வாயில் நுரை தள்ளி, மேலண்ணத்துத் தோல்பையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வரிசையை நோக்கி வரும். வரிசையில் பெண் ஒட்டகம் இருந்தால் நிச்சயம் வரும். ஆகவே காயடித்த ஆண்களை மட்டுமே வைத்து நடத்தும் குழு விவரம் தெரிந்த குழு.

மழை வந்தால் நடை நிற்கும். மேடுகளுக்கு இடையிலான களிமண் பள்ளங்கள் நனைந்தால் ஒட்டகத்தின் மெத்தென்ற பாதம் வழுக்கிக் கால்கள் இருபுறமும் விரிந்துவிடும். இடுப்பு முறிந்தால் அந்த விலங்கு பிழைக்காது. எனவே அட்டவணையில் ஒன்றிரண்டு நாள் சும்மா இருப்பதற்கென்றே ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காத குழு ஈரத்திலும் ஓட்டப் பார்க்கும்.

மருத்துவ உதவி பற்றித் தெளிவாக இருங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியும் இருக்கும் இடத்தை மீட்புக் குழுவுக்கு அறிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியும் கட்டாயம். பறக்கும் மருத்துவர் சேவை 1928 முதல் இயங்குகிறது, அருமையான அமைப்பு. ஆனால் மணல்மேடுகளுக்குள் விமானம் இறங்க இடமில்லை. ஹெலிகாப்டர் வந்து சேர மணிக்கணக்காகும். இதய நோய், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை இருப்பவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். மருத்துவப் படிவம் கேட்காமலே பணம் வாங்குகிற குழு வேண்டாம்.

கொண்டுபோகும் பை துணிப் பையாக இருக்கட்டும். சக்கரம் வைத்த பெட்டியின் மூலை ஒட்டகத்தின் விலாவைக் குத்தும். படுக்கை என்பது ‘ஸ்வாக்’ எனும் தார்ப்பாய் மெத்தைச் சுருள். அதைத் தருவார்கள், உள்ளே போட -5 டிகிரி தாங்கும் உறக்கப்பை நீங்கள் கொண்டுவர வேண்டும். ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் ஊசிமுனை தோலுக்குள் ஒடிந்து தங்கிச் சீழ் பிடிக்கும், அதனால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மூடும் கெய்ட்டர் அவசியம். வலைத்துணி வைத்த காலணியில் மணல் புகுந்து முதல் நாளே கொப்புளம் வரும். ஈக்களுக்கு முகவலை. குளியல் இல்லை, முகம் துடைக்க ஒரு கிண்ணம் தண்ணீர் கிடைத்தால் பெரிது. சாப்பாடு முதல் சில நாள் காய்கறியோடு, பிறகு உலர்பொருள். சைவம் சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பயறு வேகக் கூடுதல் தண்ணீர் வேண்டும், அதுவும் சுமைக் கணக்கில் வரும்.

இது வெறும் மணல்காடு அல்ல. வாங்கங்குரு பழங்குடி மக்கள் ‘மிகிரி’ எனும் தோண்டு கிணறுகளை நம்பி இதற்குள்ளேயே வாழ்ந்தார்கள். 1886இல் நில அளவையாளர் டேவிட் லிண்ட்சே அந்தக் கிணறுகளின் வழியாகத்தான் ஒட்டகத்தோடு குவீன்ஸ்லாந்து எல்லை வரை போய் வந்தார், வழி காட்டியவர் அந்த மக்களில் ஒருவர். பள்ளங்களில் கல் கருவிகள் இன்றும் கிடக்கும். குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள், சட்டமும் அனுமதிக்காது. இதைப் பற்றி வாய் திறக்காமல் மணலின் நிறத்தை மட்டும் பேசும் வழிகாட்டி பாதிச் சேவைதான் தருகிறார்.

பெரும்பாலும் பயணம் பேர்ட்ஸ்வில்லில் தொடங்கும் அல்லது முடியும். பிரிஸ்பேனிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். மழை பெய்தால் மண் சாலைகளை மூடிவிடுவார்கள். திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாள் இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே குதிரைப் பந்தயம் நடக்கும், அந்த வாரம் ஊரில் ஓர் அறைகூடக் கிடைக்காது.