யூஎஸ்பி மிக்சர் வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டியில் 12 சேனல், கணினியில் இரண்டே இரண்டு

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய யூஎஸ்பி மிக்சர் (பல மைக்குகளின் ஒலியைக் கலந்து கணினிக்கும் அனுப்பும் கருவி) தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்து ஒரு மாதம் ஆகிறது. பணத்தை எப்படியாவது திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த மிக்சரை நம்பி நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்த ஒரு நாளை இனி எங்கிருந்து எடுப்பது?

எங்கள் குழுவில் இரண்டு பேர் பாடுவார்கள். ஒருவர் வயலின், ஒருவர் கஹோன் என்ற பெட்டி வடிவத் தாள வாத்தியம், நான் கிட்டார். வயலின் வாசிப்பவர் வேலை மாறி வெளிநாடு போகவிருந்தார். அதற்குள் ஐந்து பாட்டையாவது எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டோம். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு மைக்கும் கணினியில் தனித்தனி டிராக்காக விழ வேண்டும். அப்போதுதான் பிறகு குரலை மட்டும் ஏற்றலாம், கஹோனை மட்டும் இறக்கலாம், வயலினில் ஓர் இடம் பிசகினால் அதை மட்டும் சரிசெய்யலாம்.

விற்பனையாளரிடம் இதைத்தான் கேட்டேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

“எல்லா மைக்கும் தனித்தனி டிராக்கா வருமா?”

“வரும் சார். 12 சேனல், யூஎஸ்பி இருக்கு. சாஃப்ட்வேர்ல எத்தனை டிராக் வேணுமோ போட்டு, எல்லாத்துலயும் ரெக்கார்ட் பட்டனை அமுக்குங்க. அதுவே பிரிச்சுக்கும்.”

விளம்பரத்திலும் ‘12 சேனல் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் மிக்சர், 24 பிட், 48 வோல்ட் ஃபேன்டம் பவர்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். இந்த வரியில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எனக்குப் பிறகு ஒரு பாடம் நடத்தியது.

பெட்டியைப் பிரித்ததுமே முதல் உறுத்தல். பன்னிரண்டு சேனலில் மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் துளைகள் நான்கே நான்கு. மீதி எட்டு என்பது, இடது வலது என்று ஜோடி ஜோடியாக இருக்கும் நான்கு ஸ்டீரியோ லைன் இன்புட். நான்கும் எட்டும் பன்னிரண்டு. இப்படி எண்ணுவது மிக்சர் உலகில் வழக்கம்தான், பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பன்னிரண்டு மைக் செருகலாம் என்று நினைத்து வாங்குகிறவரை யாரும் திருத்துவதில்லை. எங்களுக்கு நான்கு மைக்கும் ஒரு கிட்டார் கேபிளும் போதும் என்பதால் நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவு நாள் வந்தது. விற்பனையாளர் சொன்னபடியே ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ஐந்து டிராக் போட்டு ஐந்திலும் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். ஐந்து மீட்டரும் பச்சையாக ஏறி இறங்கின. காலை பத்து மணிக்குத் தொடங்கி இருட்டும் வரை வாசித்தோம். மூன்றாவது பாட்டின் இரண்டாவது டேக் அப்படி அமைந்தது. முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதற்கு மேல் அதை வாசிக்க வேண்டாம் என்று எல்லோருமே சொல்லிவிட்டோம். மறுநாள் அதிகாலை வயலின்காரர் விமானம் ஏறிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மிக்ஸ் செய்ய உட்கார்ந்தேன். முதல் வேலையாக வயலின் டிராக்கை மியூட் செய்தேன். வயலின் நிற்கவில்லை. மைக் மைக்காகக் கசிந்திருக்கும் என்று நினைத்து, குரல் டிராக்கை மட்டும் சோலோ போட்டேன். வயலின், கஹோன், இரண்டு குரல் எல்லாம் சேர்ந்தே வந்தன. கஹோன் டிராக்கிலும் அதேதான். பிறகு ஐந்து டிராக்கின் அலை வடிவத்தையும் பெரிதாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு பள்ளமும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில். ஒரே ஒலியின் ஐந்து நகல்கள். மீட்டர்கள் அன்று ஒன்றுபோல் ஏறி இறங்கியது அப்போதுதான் கண்முன் வந்தது. பத்து வினாடி பதிவு செய்து ஒரு டிராக்கைத் தனியாகக் கேட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.

டிராக்கின் இன்புட் பட்டியலைத் திறந்தேன். அதில் இரண்டே வரிகள்: இன்புட் 1, இன்புட் 2. அவ்வளவுதான் அந்த மிக்சர் கணினிக்குக் கொடுப்பது. புதிதாகப் போடும் டிராக் எல்லாம் தானாக இன்புட் 1-ஐப் பிடித்துக்கொள்ளும். அது மிக்சரின் இடது பக்கம். ஹெட்போனில் இடம் பிரிந்து கேட்கட்டும் என்று கிட்டாரை முக்கால்வாசி வலது பக்கம் தள்ளி வைத்திருந்தேன். வலது பக்கம் பதிவாகவே இல்லை. அந்த நல்ல டேக்கில் என் கிட்டார் பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் கேட்கிறது.

இந்த வகை மிக்சருக்குள் நடப்பது இதுதான். எல்லாச் சேனலும் உள்ளேயே அனலாக் முறையில் ஒன்றாகக் கலந்து, இடது வலது என்று இரண்டு கம்பியாகிவிடும். ஸ்பீக்கருக்குப் போகும் அதே கலவைதான் கடைசியில் ஒரு சிறிய சிப் வழியாக யூஎஸ்பிக்கும் போகிறது. அந்தச் சிப்புக்கு மைக் எது, கிட்டார் எது என்று தெரியாது. கலந்த பாலையும் தண்ணீரையும் கணினியில் பிரிக்கச் சொல்வது போலத்தான். மிக்சரில் எக்கோ போட்டிருந்தால் அதுவும் சேர்ந்தே பதிவாகிவிடும், பிறகு எடுக்க முடியாது.

விற்பனையாளரை அழைத்தேன். “டிரைவர் பிரச்சினை சார், ஆசியோ ஃபோர் ஆல் போடுங்க, பன்னிரண்டும் வந்துடும்” என்றார். மூன்று இரவு அதோடு மல்லுக்கட்டினேன். இது அப்பட்டமான பொய் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசியோ என்பது ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய டிரைவர் முறை. ஒலி மிகக் குறைந்த தாமதத்தில் போய்வர உதவும். ஆசியோ ஃபோர் ஆல் என்பது விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ஒலி டிரைவருக்கு மேல் போர்த்தும் ஒரு பொதுப் போர்வை. கருவியில் இரண்டு இன்புட் இருந்தால் எந்த டிரைவராலும் அதைப் பன்னிரண்டாக்க முடியாது.

அதன் பிறகுதான் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். ‘யூஎஸ்பி 1.1, 16 பிட், ஸ்டீரியோ’ என்று பொடி எழுத்தில் இருந்தது. விளம்பரத்தில் சொன்ன 24 பிட்? அது எக்கோ, ரிவெர்ப் போடும் எஃபெக்ட் சிப்பின் கணக்கு, பதிவின் தரம் அல்ல. யூஎஸ்பி 1.1 என்பதே போதும், மீதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை வினாடிக்கு 48,000 தடவை அளப்பது), ஒவ்வோர் அளவுக்கும் 24 பிட் என்றால் ஒரு டிராக்குக்கு வினாடிக்கு 48,000 பெருக்கல் 24, அதாவது 11,52,000 பிட் வேண்டும். பன்னிரண்டு டிராக்குக்கு 1,38,24,000. யூஎஸ்பி 1.1 அதிகபட்சமாகத் தாங்குவதே வினாடிக்கு 1,20,00,000 பிட். பன்னிரண்டு தனி டிராக் அந்தக் கம்பியில் போகவே வழியில்லை. விற்பவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். ஆனால் தெரியாததை “வரும்” என்று சொல்லி விற்றதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

சந்தேகம் வந்ததும் ஃபேன்டம் பவரையும் அளந்தேன். கண்டென்சர் வகை மைக் வேலை செய்ய மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் மின்சாரம் அது. எக்ஸ்எல்ஆர் துளையில் 1-வது பின்னுக்கும் 2-வது பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், மைக் செருகாத நிலையில் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். என்னுடையது 31 காட்டியது. கண்டென்சர் மைக்கில் குரல் உச்சத்துக்குப் போகும்போது ஏன் கரகரத்தது என்பது புரிந்தது.

திருப்பித் தருகிறேன் என்றேன். “பெட்டியைப் பிரிச்சுட்டீங்க சார், யூஸ் பண்ணிட்டீங்க” என்றார்கள். விளம்பரப் படத்தையும், இரண்டே இன்புட் தெரியும் கணினித் திரையின் வீடியோவையும் அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. பிறகு வந்த பதில்: கூடப் பணம் கட்டினால் 16 சேனல் மாடலை மாற்றித் தருகிறோம். அந்த மாடலின் கையேட்டை இறக்கிப் பார்த்தேன். அதிலும் யூஎஸ்பி வழியாக இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. இரண்டாவது தடவையும் அதே பொருளைத் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே யாரிடம் வாங்கினாலும் “எத்தனை சேனல்” என்று கேட்காதீர்கள். “ஒரே நேரத்தில் யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு எத்தனை தனி டிராக் போகும்?” என்று கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். அதோடு கையேட்டை நீங்களே இறக்கி, தொழில்நுட்ப விவரப் பட்டியலில் யூஎஸ்பி என்ற வரியைத் தேடுங்கள். ‘2 இன் / 2 அவுட்’ என்று இருந்தால் அது ஸ்டீரியோ கலவை மட்டும்தான், மேலே எத்தனை குமிழ் இருந்தாலும் சரி. நேரில் வாங்குவதென்றால், லேப்டாப்பில் மாட்டி இன்புட் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

பெயரில் மூன்று எழுத்து கூடுவதால் என்ன மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 மிக்சரில் யூஎஸ்பி 2 இன், 2 அவுட். அதே தொடரில் சிக்னேச்சர் 12 எம்டிகே என்பதில் 14 இன், 12 அவுட். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். அந்த எம்டிகே என்ற மூன்று எழுத்துதான் மல்டிடிராக், அதாவது பல தனி டிராக். ஸூம் லைவ்ட்ராக் எல்-12, டாஸ்காம் மாடல் 12 ஆகியவையும் சேனல்களைத் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்புபவை. கணினியே இல்லாமல் எஸ்டி கார்டிலும் தனித்தனியாகப் பதிவு செய்யும். நான் முதலில் தேடியிருக்க வேண்டியது இந்த வகையைத்தான்.

மிக்சர் வேண்டாம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி போதும் என்று முடிவு செய்தாலும் எண்களைப் பிரித்துப் படிக்க வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 என்றால் 18 உள்ளே, 20 வெளியே. ஆனால் மைக் நேரடியாகச் செருகக்கூடியது எட்டு. அடுத்த எட்டு ஏடாட் என்ற ஆப்டிகல் துளை வழியாக வருவது. அதைப் பயன்படுத்த இன்னொரு பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்குவது) பெட்டி வாங்க வேண்டும். மீதி இரண்டு எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் இன்புட், அதிலும் மைக் செருக முடியாது. இதைத் தயாரிப்பாளர் மறைப்பதில்லை, கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. விற்கிறவர்தான் “பதினெட்டு மைக் போடலாம்” என்று சொல்லிவிடுகிறார்.

ஏற்கெனவே என்னைப்போல் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் தூக்கி எறிய வேண்டாம். அந்த இரண்டு வழியையாவது முழுசாகப் பயன்படுத்தலாம். ஒலியை இடது வலது என்று தள்ளுவது பேன் குமிழ். குரலின் பேன் குமிழை முழுக்க இடது, வாத்தியத்தின் குமிழை முழுக்க வலது என்று திருப்புங்கள். மென்பொருளில் ஒரு டிராக்குக்கு இன்புட் 1, இன்னொன்றுக்கு இன்புட் 2 கொடுங்கள். இரண்டு தனி டிராக் சுத்தமாகக் கிடைக்கும். மிக்சரின் எக்கோவை அணைத்துவிடுங்கள், அது இரண்டு பக்கமும் கசியும். முதலில் கிட்டாரும் ஒரு குரலும், பிறகு ஹெட்போனில் அதைக் கேட்டபடி மற்றவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மைக் சேனல்களில் இன்செர்ட் துளை இருந்தால், அதிலிருந்து ஒவ்வொரு மைக்கையும் தனியாக வெளியே எடுத்து, லைன் இன்புட் நிறைய உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றில் கொடுக்கலாம். அப்போது மிக்சர் வெறும் பிரீஆம்பாக வேலை செய்யும். என்னுடையதில் அந்தத் துளை இல்லை.

நேரலைக்கோ, இரண்டு பேர் பேசும் பாட்காஸ்டுக்கோ, கலந்த ஒலி மட்டும் போதும் என்பவர்களுக்கு ஸ்டீரியோ யூஎஸ்பி மிக்சர் தாராளமாகப் போதும். பொருள் கெட்டதல்ல. அதை வேறொன்று என்று சொல்லி விற்றதுதான் என் புகார்.

வயலின்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அங்கே போய் நிலைப்பட்டதும் தன் பகுதியைத் தனியாக வாசித்து அனுப்புகிறேன் என்றார். மற்ற நான்கு பேரும் பேன் குமிழைத் திருப்பித் திருப்பி இரண்டு பாட்டை மறுபடி பதிவு செய்துவிட்டோம். மூன்றாவது பாட்டை மட்டும் தொடவில்லை. கிட்டார் கேட்காத அந்த டேக்கையே வைத்திருக்கிறோம்.

அந்த விளம்பரம் இன்று காலை வரை ஒரு சொல்கூட மாறாமல் அப்படியே இருக்கிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடலின் யூஎஸ்பி வரி புரியவில்லை என்றால் மாடல் பெயரைச் சொல்லுங்கள், கையேட்டைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.