1,500 ரூபாய்த் தேர்வும் 40,000 ரூபாய்ச் சான்றிதழும்

பி.காம். முடித்து மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நான்கு ஆண்டுகள் கணக்கெழுதிய பிறகு, நிதித் துறைக்கு மாற விரும்பி மூன்று படிப்புகளுக்குப் பணம் கட்டினேன். முதலாவதற்கு 40,000 ரூபாய், இரண்டாவதற்கு 1,500 ரூபாய், மூன்றாவதற்கு 1,000 ரூபாய். இன்று மியூச்சுவல் ஃபண்ட் விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்திருப்பதற்குக் காரணம் அந்த 1,500 ரூபாய்த் தேர்வு. இந்த மதிப்புரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபி 2006-ஆம் ஆண்டு என்.ஐ.எஸ்.எம். என்ற கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. மகாராஷ்டிரத்தின் பாதாளகங்காவில் அதன் வளாகம் இருக்கிறது. ஆனால் அதன் சான்றிதழ்த் தேர்வுகளை எழுத அங்கே போக வேண்டியதில்லை. அவற்றுள் நான் எழுதிய சீரிஸ் 5-ஏ என்பது மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்களுக்கானது. இதில் தேறினால்தான் ஏ.ஆர்.என். எனப்படும் பதிவு எண்ணைப் பெற்று ஃபண்ட் விற்க முடியும். ஃபண்ட் விற்கும் வங்கி ஊழியரும் இதில் தேற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 100 கேள்விகள், தேற 50 மதிப்பெண்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் தொடர்கல்விப் பயிற்சியில் கலந்துகொண்டோ மீண்டும் தேர்வெழுதியோ அதைப் புதுப்பிக்க வேண்டும்.

தேர்வைவிடவும் அதற்கான பாடநூலை நான் உயர்வாக மதிக்கிறேன். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு ஃபண்டின் பின்னால் அதைத் தொடங்கும் ஸ்பான்சர், அறங்காவலர், சொத்து மேலாண்மை நிறுவனம், பாதுகாவலர், முதலீட்டாளர்களின் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவாளர் என ஏன் இத்தனை பேர் தனித்தனியாக இருக்கிறார்கள் என்பதை அது பொறுமையாக விளக்குகிறது. முதலீட்டு முடிவை எடுப்பவரின் கையில் பங்குகள் இருக்காது. பங்குகளை வைத்திருப்பவர் முதலீட்டு முடிவை எடுப்பதில்லை. தணிக்கை அலுவலகத்தில் பழகியவனுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை உடனே புரிந்தது. பதிவாளர் பணியில் முன்னணியில் இருக்கும் கேம்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது என்பதையும், அங்கே வேலைக்குச் செல்ல விரும்பும் வணிகவியல் மாணவருக்கு இந்த அத்தியாயமே நேர்காணலுக்கான நல்ல தயாரிப்பு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நிகர சொத்து மதிப்பைப் பற்றிய அத்தியாயம் இன்னும் சிறப்பானது. ஒரு ஃபண்டிடம் 100 கோடி ரூபாய் சொத்தும் 2 கோடி ரூபாய் கடன்பொறுப்பும் இருந்து, 4.9 கோடி யூனிட்டுகள் புழக்கத்தில் இருந்தால், ஒரு யூனிட்டின் மதிப்பு 20 ரூபாய். இந்த எளிய கணக்கைப் புரிந்துகொண்டவர், 10 ரூபாய் யூனிட் மலிவானது, 200 ரூபாய் யூனிட் விலை கூடியது என்று வாடிக்கையாளரிடம் ஒருபோதும் சொல்லமாட்டார். அடுத்து வருவது செலவு விகிதம், அதாவது ஃபண்டை நடத்தும் செலவுக்காக அதன் சொத்திலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்படும் சதவீதம். அதைப் பற்றிய பகுதியை நான் மூன்று முறை படித்தேன். 2013 ஜனவரி முதல் நேரடித் திட்டம் என்றொரு பிரிவு உண்டு. அதில் விநியோகஸ்தருக்குக் கமிஷன் இல்லாததால் செலவு குறைவு. அப்படியானால் கமிஷன் வாங்கும் நாம் அந்தக் கூடுதல் செலவுக்கு ஈடாக என்ன சேவை செய்கிறோம் என்ற கேள்வி, இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே எழ வேண்டும்.

இனி அந்த 40,000 ரூபாய். மூன்று மாதங்களில் நிதித் துறை வேலை என்று அழைத்த ஒரு தனியார் மையத்தில் சேர்ந்தேன். பதினொரு வாரங்கள் விளக்கப்படக் கோடுகளையும் ஆப்ஷன் வணிகத்தையும்தான் கற்பித்தார்கள். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக்கூட வகுப்பில் திறந்து பார்க்கவில்லை. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷன் உள்ளிட்ட பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் நட்டம் அடைந்தார்கள் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. அந்த வணிகத்தையே ஒரு தொழில்வாழ்க்கை என்று இளைஞர்களிடம் விற்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பின்னர் நான் சென்ற நான்கு நேர்காணல்களிலும் அந்தச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை, ஆனால் மூன்று இடங்களில் முதல் கேள்வியே "5-ஏ முடித்திருக்கிறீர்களா?" என்பதுதான்.

5-ஏ தேர்வின் எல்லையையும் சொல்ல வேண்டும். இது விற்பதற்கான தகுதியை மட்டுமே தருகிறது. தேறியவர் தம்மை முதலீட்டு ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. அதற்குத் தனித் தேர்வுகளும் செபியின் பதிவும் தேவை. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு என்பதால், எக்செல்லில் ஒரு நிறுவனத்தின் பணப்புழக்கத்தைக் கணித்துப் பார்க்கும் திறமையை இது சோதிப்பதில்லை. அந்தக் குறையை நான் ஓரளவு என்.பி.டெல். பாடம் ஒன்றின் மூலம் நிரப்பிக்கொண்டேன். ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் அந்தப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். வாரந்தோறும் ஒப்படைப்புகளை அனுப்பியாக வேண்டிய கட்டாயம், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது.

எம்.பி.ஏ. படிப்பதா என்று கேட்பவர்கள், அந்தக் கல்லூரிக்கு வளாக நேர்காணலுக்கு எந்தெந்த நிறுவனங்கள் வருகின்றன என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். திருச்சி ஐ.ஐ.எம். போன்ற இடத்தில் சேர முடிந்தால் தயங்கத் தேவையில்லை. வளாக நேர்காணலே இல்லாத படிப்பு, ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் பதவி உயர்வுக்கு உதவலாம். புதிதாக வேலை தேடுபவருக்கு அது போதாது. பங்கு ஆய்வில் உண்மையான நாட்டம் உள்ளவர்கள் சி.எஃப்.ஏ. என்ற சர்வதேச நிதித் தகுதிச் சான்றிதழின் பக்கம் போகலாம். மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 300 மணி நேரப் படிப்பு, அதன் மேல் 4,000 மணி நேரப் பணி அனுபவம், டாலரில் கட்டணம் என்பவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டே அதில் இறங்க வேண்டும்.

5-ஏ எழுத முடிவு செய்தவர்களுக்கு ஒரு சொல். பதிவு செய்யும்போது உங்கள் பெயர் பான் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊரில் கல்விச் சான்றிதழில் தலைப்பெழுத்தும், பான் அட்டையில் தகப்பனாரின் முழுப் பெயரும் இருப்பது வழக்கம். இரண்டையும் எடுத்து வைத்து, ஓர் எழுத்துகூட விடாமல் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.